அலையாத்திக் காட்டுக்கு ஒரு லோடு உப்பு

எங்கள் ஊரில் அலையாத்திக் காடு இருக்கிறது என்கிற விஷயம் எங்களுக்கே போன கார்த்திகை மாதம்தான் தெரிய வந்தது. செந்துறையிலிருந்து ஆண்டிமடம் போகிற பஸ் திரும்பும் இடத்தில் பச்சை நிறத்தில் ஒரு போர்டு முளைத்திருந்தது. 'ஓடைக்குறிச்சி அலையாத்திக் காடு. சூழல் உலா. ஒன்றரைக் கிலோமீட்டர்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு நண்டும் வரைந்திருந்தார்கள். நண்டு சிரித்துக்கொண்டிருந்தது. அம்புக்குறி காட்டிய திசையில் எங்கள் பெரியேரியைத் தவிர வேறொன்றும் கிடையாது. பெரியேரியில் முழங்கால் தண்ணீரையும் சீமைக்கருவேலத்தையும் தவிர வேறொன்றும் கிடையாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடலும் ஆறும் கலக்கிற உப்புச் சேற்றில் வளர்வதுதான் அலையாத்தி. பிச்சாவரத்தில் இருக்கிறது, முத்துப்பேட்டையில் இருக்கிறது. அங்கெல்லாம் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கடலைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

இது எப்படி நடந்தது என்று நான் தேடிப் போய் விசாரிக்கவில்லை. அரியலூரில் இந்தச் சூழல் உலா ஆபீசில் வேலை பார்க்கிறவருக்கு எங்கள் தெருவில்தான் பெண் கொடுத்திருக்கிறது. அவர் மாமியார் வீட்டுக்கு வரும் நாட்களில் எங்கள் வீட்டில் காபித்தூள் தீர்ந்துவிடும், நான் வாங்கப் போவேன். அவ்வளவுதான்.

சென்னையில் சூழல் உலா வாரியம் என்று ஒன்று இருக்கிறதாம். அது எல்லா மாவட்டங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது: தங்கள் மாவட்டத்திலுள்ள அலையாத்திக் காடுகளின் விவரம் தருக. எல்லா மாவட்டம் என்றால் எல்லா மாவட்டமும்தான். கடல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது வாரியத்தின் வேலை இல்லை. மாவட்ட அலுவலர் தமிழ்மாறன் 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் அந்த ஆபீசில் 'இல்லை' என்று எழுதுகிற வழக்கம் ஒழிந்து வெகுநாளாகிறது. அவருக்கு முன்பிருந்தவர், 'தங்கள் மாவட்டத்திலுள்ள பனி மூடிய சிகரங்கள்' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினார். 'ஆர்வமின்மை' என்று குறிப்பெழுதி அவரை எங்கோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். தமிழ்மாறனின் பிள்ளைகள் அரியலூரில் படிக்கிறார்கள். அவர் 'ஒன்று' என்று எழுதினார். பரப்பளவு கேட்டிருந்தது, பெரியேரியின் பரப்பளவை எழுதினார். மரங்களின் தன்மை கேட்டிருந்தது. 'முள் உடையவை' என்று எழுதினார். அவர் பொய் எழுதினார் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

எனக்கு எதிர் வீடு பொன்னுத்தாய் வீடு. பெரியேரியின் மதகை ஒட்டிய வயல் அவளுடையது. அவள் புருஷன் உத்திராபதி திருப்பூரில் கட்டட வேலை பார்த்துச் சேர்த்ததைக் கொண்டு வாங்கியது. அதே வயலில் அவள் அம்மா கூலிக்கு நாற்று நட்டிருக்கிறாள். வரப்பில் உட்கார்ந்து சாப்பிடவும் அப்போது விடமாட்டார்களாம். அதனால் அந்த வயல் என்றால் பொன்னுத்தாய்க்கு உயிர். மதகின் இரும்புப் பலகை துருப்பிடித்துப் பாதியில் சிக்கிக்கொண்டு எட்டு வருஷமாகிறது. இடுக்கு வழியாகக் கசிகிற தண்ணீர் அவள் வயலுக்கு மட்டும்தான் காணும். கீழே உள்ளவர்கள் எல்லோரும் நெல்லைக் கைகழுவிவிட்டு, மழையை நம்பி மக்காச்சோளத்துக்கு மாறிவிட்டார்கள்.

போர்டைப் பார்த்த மறுநாள் பொன்னுத்தாய் ஒரு மனு எழுதிக்கொண்டு அரியலூர் போனாள். திரும்பி வரும்போது தலையில் பச்சைத் தொப்பி இருந்தது. கழுத்தில் விசில் தொங்கியது. நான் வாசலில் தற்செயலாக நின்றிருந்தேன்.

"என்னடி இது வேஷம்?"

"கருவேலத்த வெட்டிக் குடுங்கன்னு கேட்டேங்க்கா. அத வெட்டுனா ஜெயிலுங்கிறாரு. அது அலையாத்தியாம்."

"மதகு?"

"அதையுந்தான் கேட்டேன். 'ஏரிக்குக் கீழயே வயல் வச்சிருக்கீங்களா? ரொம்ப நல்லதாப் போச்சு. உள்ளூர்ச் சமூகத்தத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்'னாரு. என்னமோ கையெழுத்து வாங்கிட்டாங்க. நான் இப்ப சூழல் விளக்குநராம். வர்றவங்களுக்குக் காட்டச் சுத்திக் காட்டணுமாம்."

உத்திராபதி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். "மதகு கேக்கப் போனவ தொப்பியோட வந்துருக்கா. இன்னொரு தடவ போனீன்னா பூட்ஸு குடுப்பாங்க."

அடுத்த வாரம் பூட்ஸ் கொடுத்தார்கள்.

பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து பிரவீணா என்று ஒரு பெண் வந்தது. கதர்ச் சேலை, பெரிய கண்ணாடி, வாயைத் திறந்தால் 'அனுபவம்' என்ற சொல். ஏரிச் சேற்றில் வரிசையாகப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை நட்டு, மண் நிறத்தில் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள்.

"இதுதான் மூச்சு வேர். சேத்துக்குள்ள காத்து இல்லாததால மரம் இப்படி வெளிய நீட்டி சுவாசிக்குது. சொல்லுங்கம்மா," என்றது பிரவீணா.

"இது மோட்டாருக்குப் போடுற பைப்புல்ல தாயி?"

"இது விளக்கப் பொருள்ம்மா. விருந்தினர் என்ன பாக்குறாங்கங்கிறது முக்கியமில்ல. என்ன உணர்றாங்கங்கிறதுதான் முக்கியம்."

"கருவேல முள்ளு குத்துனா என்ன உணருவாங்க?"

"அது ஈடுபாடு," என்று பிரவீணா குறித்துக்கொண்டது.

முதல் உலாவுக்கு ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். கெண்டைக்கால் தண்ணீருக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் மிதவை உடுப்பு மாட்டினார்கள், விதி அப்படி. பரிசல் தரையைத் தட்டி நின்றது. எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதை இழுத்தார்கள். இன்னும் இரண்டு பேர் பக்கத்தில் நின்று பனைமட்டையால் தண்ணீரை அடித்தார்கள். அலை வேண்டுமாம். வயல் நண்டுகளைப் பிடித்துக் கருவேல மரத்தடியில் விட்டிருந்தார்கள். அவை வந்த வழியே வயலுக்கு நடந்துகொண்டிருந்தன. 'நண்டுகளின் இடப்பெயர்ச்சி' என்று பொன்னுத்தாய் ஒப்பிக்க வேண்டியிருந்தது.

ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கி, "சார், கடல் எங்க சார்?" என்று கேட்டது.

தமிழ்மாறன் அசரவில்லை. "கடல் இங்கதாம்மா இருந்துச்சு. நம்ம சுண்ணாம்புச் சுரங்கத்துல எல்லாம் கடல் நத்தை கல்லாக் கெடைக்குதுல்ல? பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னாடி முழுக்கக் கடல். நாமதான் கொஞ்சம் லேட்டா வந்துட்டோம்."

பிள்ளைகள் கை தட்டினார்கள். தட்டச் சொல்லியிருந்தது.

இந்த மட்டில் விட்டிருந்தால் நாங்கள் சிரித்துவிட்டுப் போயிருப்போம். மார்கழியில் வாரிய இயக்குநர் காசிநாதன் ஆய்வுக்கு வருகிறார் என்று சேதி வந்தது. ஆய்வில் அலையாத்திக் காட்டுக்கு மதிப்பெண் உண்டு. வேருக்கு இத்தனை, நண்டுக்கு இத்தனை. நீரின் உப்புத்தன்மைக்குத்தான் எல்லாவற்றையும் விட அதிகம். அதில் குறைந்தால் காட்டின் தகுதி போய்விடும். காட்டின் தகுதி போனால் தமிழ்மாறனும் போய்விடுவார்.

ஒரு நாள் காலை ஏரிக்கரையில் லாரி வந்து நின்றது. வேதாரண்யத்து உப்பு, முழு லோடு. கரைமேல் கொட்டிக் குவித்து நீலத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பொன்னுத்தாயின் வயலுக்கும் அந்தக் குவியலுக்கும் நடுவில் பத்தடி தூரம்கூட இல்லை. வயல் அப்போது பால் பிடிக்கிற பருவத்தில் நின்றது. அவள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தமிழ்மாறனிடம் ஓடினாள். நானும் காலாற நடப்பவள்போல் பின்னால் போனேன்.

"சார், இத ஏரியில கொட்டுனா எம் பயிரு என்னாவும்?"

"பயிர் வேற துறைம்மா."

"தண்ணி உப்பாப் போயிருமே சார்."

"ஆகணும்னுதான கொட்டுறோம்? ஒரே ஒரு நாளைக்குத்தான். ஆய்வு முடிஞ்சதும் எடுத்துருவோம்."

"கரைஞ்ச உப்ப எப்புடி சார் எடுப்பீங்க?"

தமிழ்மாறன் ஒரு நொடி யோசித்தார். "டெண்டர் விட்டு," என்றார்.

உடனே கொட்டினால் உப்பு அடியில் தங்கிவிடும், ஆய்வு நாள் காலையில் கொட்டினால்தான் சுவை மேலே நிற்கும் என்று பிரவீணா சொன்னதால் குவியல் கரையிலேயே காத்திருந்தது. அன்றைக்கு எதிர் வீட்டில் உலை வைக்கவில்லை. ஜன்னல் வழியே பேச்சு மட்டும் வந்தது.

"இப்பவே அறுத்துரலாமா?" என்றாள் பொன்னுத்தாய்.

"பால் புடிச்சிருக்கிறத அறுத்து என்னடி பண்றது? மாட்டுக்குத்தான் போடணும்," என்றான் உத்திராபதி. "அந்தப் பெரிய ஆபீசரு வர்றாருல்ல. அவருகிட்டயே கேட்ருவோம். இம்மாம் பெரிய படிப்புப் படிச்சவரு, உப்புன்னா என்னன்னு தெரியாமயா இருக்கும்?"

இயக்குநர் காசிநாதன் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி எட்டு மணிக்கே வந்துவிட்டார். திடீரென்று வருவது அவருடைய பாணியாம். எல்லா ஊருக்கும் திடீரென்று எட்டு மணிக்குத்தான் வருவாராம். உப்பைக் கொட்ட மண்வெட்டியோடு வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கரைமேல் பந்தல், நாற்காலி, சால்வை. காசிநாதன் மைக்கைப் பிடித்தார்.

"நான் இதுவரை பதினான்கு அலையாத்திக் காடுகளைத் திறந்து வைத்திருக்கிறேன். அவற்றில் எட்டில் மரங்களும் இருந்தன. சிலர் கேட்கிறார்கள், கடல் இல்லாத ஊரில் அலையாத்தியா என்று. கடல் இருக்கிற ஊரில் அலையாத்தி தானாக வளரும். அதற்கு வாரியம் எதற்கு? நான் எதற்கு? கடல் இல்லாத இடத்தில் ஓர் அலையாத்திக் காட்டை நடத்திக் காட்டுவதுதான் நிர்வாகம். இயற்கையை நம்பி உட்கார்ந்திருந்த காலம் போய்விட்டது. இயற்கை சுற்றறிக்கைகளுக்குப் பதில் அனுப்புவதில்லை."

முன்வரிசையில் இருந்த அலுவலர்கள் இதைக் குறித்துக்கொண்டார்கள். பிறகு சூழல் விளக்குநரை அழைத்தார்கள். பொன்னுத்தாய் பச்சைச் சட்டையைச் சேலைமேல் மாட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"வணக்கம். இங்கே தெரிவது மூச்சு வேர்கள். சேற்றில் காற்று இல்லாததால்..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். தொப்பியைக் கழற்றினாள். குவியலுக்குப் போய்த் தார்ப்பாயை ஒரு முனையில் பிடித்து இழுத்தாள். உப்பு வெயிலில் பளீரென்றது.

"ஐயா, இது ஏரிங்க. அது கருவேலம். இந்த உப்ப இன்னிக்கி இதுல கொட்டப் போறாங்க. அந்தா நிக்கிது பாருங்க, அது எம் பயிரு. எங்கம்மா அந்த வயல்ல கூலிக்குக் குனிஞ்சவங்க. ஒரு நா நிமுந்து நின்னதுக்கு ஏச்சு வாங்குனவங்க. நான் அதுல நிமுந்து நின்னு நடுறேங்கய்யா. பால் புடிச்சு நிக்கிது. பச்சப் புள்ள மாதிரி நிக்கிது. அதுக்குப் போயி உப்பக் கரைச்சு ஊத்துறேங்கிறாங்களே. வேணாங்கய்யா. ஒங்க கால்ல வுழுவுறேன், வேணாம்."

விழுந்தே விட்டாள். பனைமட்டைக்காரிகள்கூடத் தண்ணீரை அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். காசிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. நான் மூன்றாவது வரிசையில்தான் இருந்தேன், நன்றாகத் தெரிந்தது. உத்திராபதி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். காரியம் முடிந்தது என்று நாங்கள் இருவருமே நினைத்தோம்.

"அற்புதம்," என்றார் காசிநாதன்.

பிரவீணா எழுந்து கை தட்டியது. எல்லோரும் எழுந்து தட்டினார்கள்.

"மற்ற இடங்களில் பாட்டு வைக்கிறார்கள், ஆட்டம் வைக்கிறார்கள். ஒன்றும் மனசைத் தொடவில்லை. இது தொடுகிறது. இதை எழுதியது யார்?"

தமிழ்மாறன் தொண்டையைச் செருமினார். "மாவட்ட அலுவலகம்தான் சார்."

"அந்த உப்பு?"

"அதுவும் நாங்கதான் சார். அரங்கப் பொருள்."

"உப்பை ஏரியில் கொட்டிவிடாதீர்கள்," என்றார் காசிநாதன்.

பொன்னுத்தாய் தரையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"கொட்டிவிட்டால் அடுத்த வாரம் இந்த அம்மா எதற்காக அழுவார்? உப்பு கரையிலேயே இருக்கட்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இந்த நிகழ்ச்சி நடக்கட்டும். நடக்காவிட்டால் மட்டும் உப்பைக் கொட்டிவிடுங்கள். வாங்கிய பொருளைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் தணிக்கையில் கேட்பார்கள்."

இது ஆணையாகவே வந்துவிட்டது. உப்புத்தன்மைக்குரிய மதிப்பெண்ணைக் கண்ணீரில் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்றும் அதில் ஒரு வரி இருந்ததாகக் காபித்தூள் வாங்கப் போன இடத்தில் தெரிந்துகொண்டேன்.

ஆக, பொன்னுத்தாய் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஏரிக்கரையில் அழுதாள். திருச்சியிலிருந்து வந்தார்கள், பெரம்பலூரிலிருந்து வந்தார்கள், கார் வைத்துக்கொண்டு சென்னையிலிருந்தும் வந்தார்கள். அவள் விழுகிற இடத்தில் பிளாஸ்டிக் பாய் விரித்தார்கள். அழுது முடித்ததும் அவளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று ஒரு குடும்பம் மறுபடி அழச் சொன்னது. பயிர் ரொம்பப் பச்சையாக இருப்பதால் சோகம் முழுமையாக வரவில்லை என்று ஒருவர் கருத்து எழுதிவைத்துவிட்டுப் போனார். பிரவீணா போனில் பேசி, இனிமேல் தலையை வாராமல் வரச் சொன்னது.

"எங்கம்மா செத்தன்னிக்கிகூட நீ இம்புட்டு அழுவலியேடி," என்றான் உத்திராபதி.

"அவுங்க போனதால நெல்லு ஒண்ணும் காயலையே," என்றாள் பொன்னுத்தாய். குரல் கட்டிப்போயிருந்தது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

தை பிறந்தது. ஒரு சனிக்கிழமை விடியும் நேரத்தில் அறுப்பு மிஷின் வயலில் இறங்கியது. பத்து மணிக்கெல்லாம் எங்கள் தெரு முழுக்க அவள் நெல் காய்ந்தது. தமிழ்மாறன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"அம்மா, ரெண்டு பஸ் வந்து நிக்குது. நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"நெல்லு கிண்டுறேன் சார்."

"அழுகைக்கு நேரமாச்சும்மா."

"பயிருதான் வூடு வந்து சேந்துருச்சே. இனிமே எதுக்கு அழுவுறது?"

"அப்ப உப்பக் கொட்டணும்மா. ஆர்டர் இருக்கு."

"கொட்டிக்குங்க சார். வயல்ல வெறுந்தாளுதான் நிக்கிது."

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்த கால் அதே இடத்தில் நின்றுபோனதை நான் பார்த்தேன். உப்பு இறங்கிவிட்டால் அந்த மண்ணில் இனிப் புல்கூட முளைக்காது என்று அவளுக்குத் தெரியும். உத்திராபதிக்கும் தெரியும், அவன் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தமிழ்மாறன் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து சென்னைக்குப் போன் போட்டார். என் வீட்டுப் படி என்பதால் நான் விலகிப் போக முடியவில்லை.

"சார், பயிர் இல்லைங்கிறாங்க சார்... ஆமாம் சார், அறுத்துட்டாங்க... இல்ல சார், நம்மகிட்ட அனுமதி கேக்கல... உப்பக் கொட்டிரட்டுமா சார்?... சரிங்க சார்... சரிங்க சார்... பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய பயிர்... புரியுது சார்."

போனை வைத்துவிட்டுப் பொன்னுத்தாயைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆணை இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

"உப்பக் கொட்டிட்டா நிகழ்ச்சி போயிரும், நிகழ்ச்சி போயிட்டா காடு போயிரும்ங்கிறாரு. 'பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய ஒரு பயிரை உடனே ஏற்பாடு செய்யவும்'னு சொல்லிட்டாரும்மா. அடுத்த போகம் எப்ப நடுவீங்க?"

"எங்க சார் நடுறது? மதகு போயிக் கெடக்கு. கசியிற தண்ணி கோடைக்கிக் காணுமா?"

"மதகு வேற துறைம்மா."

"அப்ப அழுவுறதுக்கும் அவுங்களையே கூப்புடுங்க."

தமிழ்மாறன் மறுபடி போனை எடுத்தார்.

எட்டு வருஷமாக எங்கள் ஊர் எழுதாத மனு இல்லை, போகாத ஆபீஸ் இல்லை. அடுத்த வாரம் இரண்டு வண்டியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். மதகுக்குப் புதுப் பலகை போட்டு, கிரீஸ் தடவி, ஏற்றி இறக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள். வாய்க்காலைக் கடைசி வரைக்கும் தூர் வாரினார்கள். ஒரே ஒரு வயல் மட்டும் பச்சையாக இருந்தால் போட்டோவில் இழப்பு பெரிதாகத் தெரியாது என்பதால், கீழே உள்ள அத்தனை வயலுக்கும் தண்ணீர் விடச் சொல்லி உத்தரவு. பந்தலிலிருந்து பார்த்தால் பயிரைக் கருவேலம் மறைக்கிறது என்று பிரவீணா சொன்னதால், கரையோரக் கருவேலம் முழுவதையும் மிஷின் வைத்து வேரோடு பிடுங்கினார்கள். அலையாத்திக் காட்டைப் பார்ப்பதற்காக அலையாத்திக் காட்டை அழித்த வகையில் எங்கள் ஊருக்கு வாரியத்தின் பாராட்டுப் பத்திரம் வந்தது.

மாசியில் மக்காச்சோளக்காரர்கள் எல்லோரும் நாற்று விட்டார்கள். கடைமடை வரைக்கும் தண்ணீர் போய் நின்றதைப் பார்க்க நானே ஒரு நடை போய்விட்டு வந்தேன். உப்புக் குவியலுக்குப் புதுத் தார்ப்பாய் வாங்கி, சுற்றிக் கம்பி வேலி அடித்து, காவலுக்கு ஓர் ஆளும் போட்டிருக்கிறார்கள். பொன்னுத்தாய் வாரம் தவறாமல் அழுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் அழுது முடித்து வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, அரும்பாவூர்ப் பக்கமிருந்து நாலு பேர் தேடி வந்தார்கள். வேட்டியெல்லாம் புழுதி. உத்திராபதி நாற்காலி எடுத்துப் போட்டான். அவர்கள் உட்காரவில்லை.

"எங்க ஏரியிலயும் மதகு போயி வெகு காலமாச்சும்மா," என்றார் அவர்களில் மூத்தவர். "ஒரு லோடு உப்பு கொண்டாந்து எங்க கரையிலயும் கொட்டுங்கன்னு மனுக் குடுக்கலாம்னு இருக்கோம். எந்த ஆபீசுல குடுக்கணும்?"

பொன்னுத்தாய் சோற்றுக் கையை உதறிவிட்டு எழுந்தாள். "உப்பு வந்துரும். அழுவுறதுக்கு ஆளு வச்சிருக்கீங்களா?"

"அதுக்கு ஊரே இருக்கும்மா," என்றார் அவர்.